மாலாட்-1 குறைப்பில் முரண்படும் முடிவுகள்: வழிகாட்டல் தேவை

மார்பகப் புற்றுநோய் பரவலில் மாலாட்-1 என்னும் நீள் குறியீடற்ற ஆர்என்ஏவின் (புரதத்தை உருவாக்காத நீண்ட ஆர்என்ஏ) பங்கை எம்டிஏ-எம்பி-231 என்னும் மனித மார்பகப் புற்றுநோய்ச் செல்களில் ஆராயும் நான், ஆறு வாரங்களாக ஒரே இடத்தில் நிற்கிறேன். எஸ்ஐஆர்என்ஏ (இலக்கு ஆர்என்ஏவை அழிக்கச் செய்யும் குறுகிய ஆர்என்ஏ) கொண்டு அதைக் குறைத்தால் செல்களின் நகர்வு மந்தமாகிறது. கேப்மர் (இலக்கு ஆர்என்ஏவுடன் இணைந்து அதை வெட்டச் செய்யும் குறுகிய டிஎன்ஏ வகை இழை) கொண்டு குறைத்தாலோ, நகர்வை அளக்கச் செல் படலத்தில் இட்ட கீறலின் விளிம்பில் உள்ள செல்கள் மெலிந்து நீண்டு, 24 மணி நேரத்தில் கட்டுப்பாட்டுத் தட்டைவிட விரைவாக இடைவெளியை மூடிவிடுகின்றன.

ஆர்என்ஏவின் அளவைக் காட்டும் கியூபிசிஆர் அளவீட்டில் மாலாட்-1ஐ எஸ்ஐஆர்என்ஏ ஏறத்தாழ 35 சதவீதமும் கேப்மர் 80 சதவீதமும் குறைத்துள்ளன. மாலாட்-1 உட்கருவிலேயே தங்குவதாலும், எஸ்ஐஆர்என்ஏ பெரும்பாலும் உட்கருவுக்கு வெளியிலும் கேப்மர் உட்கருவுக்குள்ளும் வேலை செய்வதாலும் இந்த வேறுபாடு எதிர்பார்த்ததுதான். 2016இல் எலிகளில் அதை நீக்கியபோது நுரையீரல் பரவல் குறைந்தது என்றும், 2018இல் அதற்கு நேர்மாறாக அது பரவலைத் தடுக்கிறது என்றும் ஆய்வுகள் வெளிவந்திருப்பதால், எந்த முடிவையும் பிழை என்று ஒதுக்கத் துணிவு வரவில்லை.

மைக்கோபிளாஸ்மா (செல் வளர்ப்பில் தொற்றும் பாக்டீரியா) சோதனையும் செல்வழி அடையாளச் சோதனையும் செய்தாயிற்று, குறை எதுவுமில்லை. செல் பெருக்கத்தின் விளைவைத் தவிர்க்க மைட்டோமைசின் சேர்த்தும், சீரத்தை 1 சதவீதமாகக் குறைத்தும், கேப்மரின் செறிவை 50 நானோமோலரிலிருந்து 10க்கு இறக்கியும் பார்த்தேன். முரண் அப்படியே நீடிக்கிறது. வேறு வரிசை கொண்ட இரண்டாவது கேப்மரை இன்னும் சோதிக்கவில்லை.

கேப்மரின் இந்த விளைவு இலக்கு தவறியதா (வேறு ஆர்என்ஏக்களைத் தாக்கியதால் வந்ததா), உண்மையானதா என்று பிரித்தறிய, முழுநீள மாலாட்-1ஐ மீண்டும் செலுத்துவது, மரபணுவை வெட்டாமல் முடக்கும் கிரிஸ்பர் தடுப்பால் அதன் படியெடுப்பை நிறுத்துவது ஆகிய இரண்டில் எதை முதலில் செய்வீர்கள்?