‘இன்டர்டிசிப்ளினரி’ என்பதற்குத் ‘துறைக்கூடல்’: ஒரு பரிந்துரை

மதிப்பிற்குரிய அன்பர்களுக்கு வணக்கம்.

வெவ்வேறு துறை வல்லுநர்கள் ஒன்றுகூடி நாடு தழுவிய ஒரு சிக்கலைத் தீர்ப்பதைக் குறிக்கப் ‘பல்துறை’ என்ற வழக்குச் சொல்லே போதும், புதிதாக ஒன்றை ஆக்க வேண்டியதில்லை என்று, ‘இன்டர்டிசிப்ளினரி’ என்பதற்குத் தமிழ்ச்சொல் தேடும் இவ்வுரையாடல் இழையில் மூத்தவர் ஒருவர் எழுதியிருந்தார். அவர்மீது பெருமதிப்பு உண்டு என்றாலும் இக்கருத்தை என்னால் ஏற்க இயலவில்லை. தமிழில் ‘பல்துறை வித்தகர்’ என்றால் பல துறைகளை அறிந்த ஒருவர் என்றே பொருள்படும். அவ்வாறாயின் ‘பல்துறை அறிஞர்கள் குழு’ என்பதைப் படிப்பவர், பலவும் கற்ற மேதைகள் சிலர் கூடியிருக்கிறார்கள் என்று எண்ணினால் பிழை அவருடையதன்று. நாம் பெயரிட விரும்புவதோ இதற்கு நேர் எதிரானது. தம் துறையை மட்டுமே ஆழ அறிந்தவர்கள், தனித்தனியே எவராலும் முடிக்க இயலாத ஒன்றைச் சேர்ந்து முடிப்பது.

கலைச்சொல்லை அகராதியில் தேடுவதைவிட, அச்சொல் குறிக்கவேண்டிய செயலை ஒருமுறை கண்முன் நிறுத்திப் பார்ப்பது நல்லது. நரம்புச் சிலந்தி எனப்படும் கினிப் புழு நோயை இந்தியா ஒழித்த கதையை எடுத்துக்கொள்கிறேன். தேசிய ஒழிப்புத் திட்டம் 1983–84இல் தொடங்கியபோது நாட்டில் ஏறத்தாழ 40,000 நோயாளிகள் இருந்தனர். இந்நோய்க்குத் தடுப்பூசியும் இல்லை, புழுவைக் கொல்லும் மருந்தும் இல்லை. குடிநீரோடு உடலுக்குள் செல்லும் புழு ஏறத்தாழ ஓராண்டு வளர்ந்து, சில வேளைகளில் ஒரு மீட்டர் நீளம் வரை நீண்டு, பெரும்பாலும் காலில் கொப்புளமாக வெடித்து வெளிவரும். எரிச்சல் தாளாமல் அக்காலை நீரில் வைத்தால் புழு தன் இளவுயிரிகளை அந்நீரில் விட்டுவிடும். அவற்றைச் சைக்ளாப்ஸ் என்னும் நுண்ணிய நீருயிரி உண்ணும். அந்நீரைக் குடிப்பவருக்கு நோய் தொற்றும்.

இந்தச் சுழற்சியில் மருத்துவர் தனியாகச் செய்யக்கூடியது மிகக் குறைவு. நோயாளிகளை ஊர் ஊராகத் தேடிக் கணக்கெடுக்க நோய்ப்பரவலியல் அறிந்தவர் வேண்டும். சைக்ளாப்ஸைக் கொல்ல டெமிஃபாஸ் என்னும் பூச்சிக்கொல்லியை எந்த அளவில் நீரில் கலப்பது என்று சொல்ல உயிரியல் அறிந்தவர் வேண்டும். ஆழ்துளைக் கிணறு எங்கே தோண்டலாம் என்று காட்ட நிலத்தடி நீரியல் அறிந்தவர் வேண்டும். மக்கள் இறங்கி நீர் மொள்ளும் படிக்கிணறுகளை இறைகிணறுகளாக மாற்றவும் கைப்பம்பு பொருத்தவும் பொறியாளர் வேண்டும். துணியால் வடிகட்டாமல் குடிக்கக் கூடாது என்பதை வீட்டுப் பெண்களிடம் எடுத்துச் சொல்ல அவர்கள் பேச்சு அறிந்தவர் வேண்டும். தமிழ்நாடு மற்ற மாநிலங்களை முந்திக்கொண்டு விடுபட்டது. நாட்டின் கடைசி நோயாளி 1996 ஜூலையில் இராஜஸ்தானில் பதிவானார். 2000இல் உலக சுகாதார நிறுவனம் இந்தியா விடுபட்டதாகச் சான்றளித்தது.

இங்கே நடந்தது வெறும் வேலைப் பகிர்வு அன்று. கிணற்றின் படிகளை அகற்றுவது கட்டுமானப் பணி. ஆனால் அதைச் செய்யச் சொன்னது நோயின் இயல்பு. ஒருவர் கண்டறிந்தது மற்றவரின் வேலையையே மாற்றிவிடுகிறது. இரண்டாம் உலகப் போரின்போது பிரிட்டனின் விமான எதிர்ப்புப் படைக்காக இயற்பியலாளர் பேட்ரிக் பிளாக்கெட் திரட்டிய குழுவும் அப்படிப்பட்டதே. மூன்று உடலியங்கியலாளர்களும் ஒரு நில அளவையாளரும் அதில் இருந்தார்கள் என்றால், பீரங்கிக்கும் உடலியங்கியலுக்கும் என்ன உறவு என்று கேட்கத் தோன்றும். அவர்கள் அங்கே உடலை ஆராயவில்லை. தம் துறையில் பழகிய பார்வையைக் கொண்டு ரேடாரையும் பீரங்கியையும் ஆராய்ந்தார்கள்.

இனி, முன்வைக்கப்பட்ட மற்றச் சொற்களுக்கு வருகிறேன். ‘இடைத்துறை’ என்பது முன்னொட்டுக்கு முன்னொட்டு வைத்த மொழிபெயர்ப்பு. ‘இடைநிலை’, ‘இடைத்தேர்தல்’ ஆகியவற்றோடு பழகிய காதுக்கு ஏதோ நடுத்தரமான, தற்காலிகமான துறை போல ஒலிக்கிறது. ‘துறைகடந்த’ என்பதைக் கேட்டால் எனக்குத் துறவிதான் நினைவுக்கு வருகிறார். ‘கூட்டுத்துறை’ தொழில்துறையில் ஏற்கெனவே வேறு பொருளில் வழங்குகிறது.

என் பரிந்துரை ‘துறைக்கூடல்’. துறை என்பதன் பழம்பொருள் நீரில் இறங்கும் இடம். படித்துறை இன்றும் வழக்கில் உள்ளது. வெவ்வேறு துறையில் இறங்கினாலும் நீர் ஒன்றுதான் என்பதை அச்சொல்லே சொல்லிவிடுகிறது. (நரம்புச் சிலந்தி பரவியதும் படியில் இறங்கிய கால்களால்தான் என்பது தற்செயலான பொருத்தம்.) கூடல் என்பது ஆறுகள் கலக்குமிடம், நெல்லைச் சீமையினருக்கு முக்கூடலை விளக்கவேண்டியதில்லை. ஊடலுக்கு இணையான கூடலை நினைத்துச் சிலர் புன்னகைக்கக்கூடும். அரசுத் துறைகளிடையே கோப்பு நகர்வதைக் கண்டவர்கள், ஊடல் முன்னால் வருவது இயல்பே என்பார்கள்.

ஒரு தடை உண்மையானது. அறிவுத்துறைக்கும் அரசுத்துறைக்கும் நாம் ஒரே சொல்லை ஆள்வதால், செயலர்கள் கூடும் கூட்டத்தையும் துறைக்கூடல் என்று எவரேனும் எழுதிவிடலாம். அதற்காகப் ‘புலக்கூடல்’ என்று ஆக்கிப் பார்த்தேன். தமிழ்நாட்டுப் பல்கலைக்கழகங்களில் புலம் எனப்படுவது இலங்கையில் பீடம் ஆகையால் அது அங்கே விளங்காது. செயலர்கள் கூடுவதற்கு ‘ஒருங்கிணைப்புக் குழு’ என்ற நிலைபெற்ற வழக்கு இருப்பதால் இக்குழப்பம் தாங்கத்தக்கதே என்பது என் எண்ணம்.

‘துறைக்கூடல் ஆய்வு’, ‘துறைக்கூடல் குழு’ எனப் பெயராக வரும்போது துறைகளது கூடல் என்று ஆறாம் வேற்றுமையாகக் கொண்டு வல்லினம் மிகவேண்டும் என்று கருதுகிறேன். ‘துறைகூடி ஆய்ந்தனர்’ என வினையாக வரும்போது எழுவாய்த் தொடராதலால் மிகாது. இலக்கணம் அறிந்தோர் இதை உறுதிசெய்தால், சொற்பட்டியலில் இரு வடிவங்களையும் சேர்த்துவிடலாம்.