கடையில் புதிதாகச் சேர்ந்தவர்களுக்கு எந்தத் தமிழ் விசைப்பலகையைப் பழக்குவது?

மேலூர்த் தட்டச்சர் கேட்டது:

வணக்கம். மேலூரில் நீதிமன்றத்துக்கு அருகில் 18 ஆண்டுகளாகத் தட்டச்சுக் கடை நடத்தி வருகிறேன். பட்டா மாறுதல் மனு, வாரிசுச் சான்று விண்ணப்பம், வழக்குரைஞர்கள் கையால் எழுதித் தரும் தாள்கள், ஆவணி, தை மாதங்களில் திருமண அழைப்பிதழ் என்று வேலைக்குக் குறைவில்லை. நான் பயிலகத்தில் தட்டச்சுப் பொறியில் பழகியவள். கணினி வாங்கிய பிறகும் அதே விசை அமைப்பையே மென்பொருளில் வைத்துக்கொண்டேன். பலகையைப் பார்க்காமலே என் கை ஓடும்.

இந்த மாதம் இரண்டு பெண்கள் வேலைக்குச் சேர்ந்திருக்கிறார்கள். ஒருவர் 'அம்மா' என்பதை ஆங்கில எழுத்துகளால் ஒலிப்படி அடித்துத் தமிழாக்கும் முறையில் வேகமானவர். மற்றவருக்குத் தமிழில் தட்டச்சே தெரியாது. முதலாமவர் அடித்த ஒரு மனுவில் 'வெள்ளையன்' என்ற பெயர் 'வெல்லையன்' என்று போய்விட்டது. ஷிப்ட் விசை சரியாக அழுந்தவில்லை, சரிபார்த்த நானும் கவனிக்கவில்லை. அடையாள அட்டையில் உள்ள பெயரும் மனுவில் உள்ள பெயரும் வேறு என்று மனு திரும்பி வந்தது. கொட்டாம்பட்டிப் பக்கத்துக் கிராமத்திலிருந்து அந்தப் பெரியவர் அதற்காகவே இரண்டு முறை பேருந்து ஏறி வந்தார். அவரிடம் நான் பணம் வாங்கவில்லை என்றாலும், அவருடைய இரண்டு நாள் கூலியை என்னால் திருப்பித் தர முடியவில்லை என்பது இன்னும் உறுத்துகிறது.

ஆகவே கேட்கிறேன். தட்டச்சுப் பொறி அமைப்பு, தமிழ் 99, ஒலிபெயர்ப்பு ஆகிய மூன்றில் புதியவர்களுக்கு எதைப் பழக்குவது நல்லது? எனக்கு வேகத்தைவிடப் பெயரும் ஊரும் பிழையில்லாமல் வருவதுதான் முக்கியம்.

சிம்மக்கல் ஆசிரியை எழுதியது:

அன்புள்ள தங்கைக்கு, நான் 31 ஆண்டுகள் தட்டச்சுப் பயிலகத்தில் கற்பித்து ஓய்வு பெற்றவள். அரசுத் தொழில்நுட்பத் தேர்வில் இளநிலை, முதுநிலைத் தட்டச்சுச் சான்றிதழ் பெற்றுத் தட்டச்சர் வேலைக்கு விண்ணப்பிக்கும் எண்ணம் அந்தப் பெண்களுக்கு இருந்தால், பயிலகங்கள் பழக்கும் தட்டச்சுப் பொறி அமைப்பையே அவர்கள் கற்கட்டும். ஒரே உழைப்பு இரண்டு இடத்தில் பயன்படும். அந்த எண்ணம் இல்லையென்றால் இதைக் கட்டாயப்படுத்த வேண்டாம் என்பதையும் சொல்லிவிடுகிறேன், ஏனென்றால் இந்த அமைப்பு பொறியின் உடலுக்காகப் பிறந்தது.

புள்ளியை ஏன் எழுத்துக்கு முன்னால் அடிக்கிறோம் என்று மாணவிகள் கேட்பார்கள். புள்ளி ஒரு நகரா விசை. அதை அடித்தால் தாளில் புள்ளி விழும், ஆனால் தாளைத் தாங்கிய உருளை நகராது. அடுத்து அடிக்கும் எழுத்து அதே இடத்தில் விழுந்து, அதன் பிறகுதான் உருளை ஓரிடம் தள்ளும். 'கொ' என்பதற்கு முதலில் கொம்பு, பிறகு க, பிறகு கால் என்று கண் காணும் வரிசையில் அடிக்கிறோம். 1978இல் தமிழ்நாடு அரசு ஏற்ற எழுத்துச் சீர்திருத்தத்தால் ணா, றா, னா, லை, ளை போன்றவை தனி வடிவங்களை விட்டு மற்ற எழுத்துகளைப் போலவே காலும் கொம்பும் பெற்றதில் பொறியில் அடிப்பவர்களுக்குக் கிடைத்த நிம்மதியை நான் நேரில் கண்டேன். இரும்புக்குத் தேவையான இந்த ஏற்பாடுகளில் எதுவும் கணினிக்குத் தேவையில்லை. இருந்தாலும் உங்கள் கை பழகிவிட்டது. இந்த வயதில் நீங்கள் மாறத் தேவையில்லை.

எதைப் பழக்கினாலும் ஒன்று செய்யுங்கள். விசைகளின் மேல் தமிழ் எழுத்து ஒட்டும் வில்லைகளை வாங்காதீர்கள். கண் பலகைக்கு இறங்கிவிட்டால் கையெழுத்துத் தாளை யார் பார்ப்பது? பெயர்ப் பிழைகளில் பாதி அங்கேதான் உண்டாகிறது.

இலந்தைக்குளம் நிரலர் எழுதியது:

மென்பொருள் வேலையில் இருப்பவன். இங்கே இலந்தைக்குளம் தொழில்நுட்பப் பூங்காவில்தான் பணி. ஒன்றுமே தெரியாத அந்தப் பெண்ணுக்குத் தயங்காமல் தமிழ் 99 பழக்குங்கள். 1999 பிப்ரவரியில் சென்னையில் நடந்த தமிழ் இணைய மாநாட்டையொட்டி உருவாகி, அதே ஆண்டில் தமிழ்நாடு அரசு ஏற்றுக்கொண்ட அமைப்பு அது. அதன் அழகு என்னவென்றால், நாம் ஒன்றாம் வகுப்பில் படித்த நெடுங்கணக்குதான் பலகையில் இருக்கிறது: 12 உயிரும் ஆய்தமும் இடக்கையில், 18 மெய்யும் பெரும்பாலும் வலக்கையில். இந்த 31 விசைகளிலிருந்து 247 எழுத்துகளும் பிறக்கின்றன. ஜ, ஷ, ஸ, ஹ போன்ற கிரந்த எழுத்துகளுக்கு மட்டுமே ஷிப்ட் வேண்டும்; ல, ள, ழ மூன்றும், ந, ன, ண மூன்றும், ர, ற இரண்டும் தனித்தனி விசைகள். உங்கள் 'வெள்ளையன்' பிழையை எடுத்துக்கொள்ளுங்கள். ஒலிபெயர்ப்பில் ல, ள இரண்டும் ஒரே விசையில் ஷிப்டால் மட்டும் பிரிகின்றன. விரல் சற்று முந்தினாலும் எழுத்து மாறிவிடும். தமிழ் 99இல் ல கீழ் வரிசையிலும் ள மேல் வரிசையிலும் இருப்பதால் அந்த விபத்துக்கு வழி மிகக் குறைவு.

புள்ளியை மென்பொருளே போடும் இடங்களும் உண்டு. ஒரே மெய்யை இரண்டு முறை அடித்தால் முதலாவதற்குப் புள்ளி தானாக வரும். ங வுக்குப் பின் க, ஞ வுக்குப் பின் ச, ந வுக்குப் பின் த, ன வுக்குப் பின் ற என்று இன எழுத்துகள் சேர்ந்தாலும் அப்படியே. 'திருப்பரங்குன்றம்' என்பதை எண்ணிப் பார்த்தேன். தமிழ் 99இல் 14 தட்டல்கள், கடைசி ம் ஒன்றுக்குத்தான் நாமே புள்ளி இட வேண்டும். நான் முன்பு பயன்படுத்திய ஒலிபெயர்ப்பு முறையில் 18 தட்டல்கள், ற வுக்கு ஷிப்ட் தனி. 'மதுரை' இங்கே 5, அங்கே 8.

குறைகளையும் மறைக்கக் கூடாது. தானாக வரும் புள்ளி சில சொற்களில் தடுக்கும்: 'மனனம்' என்று அடிக்கப்போனால் 'மன்னம்' என்று வந்து நிற்கும். முதல் ன வுக்குப் பிறகு அ விசையை ஒரு முறை தட்டினால் சரியாகும்; 'மமதை' போன்ற சொற்களுக்கும் அதே வழி. இன்னொன்று, வலது சுண்டுவிரலுக்குச் சுமை அதிகம். ச, ஞ, ண, ந, ய, ழ ஆறும் அந்த விரலின் பக்கம்தான் விழுகின்றன. இத்தனை அதிகமாக வரும் ச வை ஆள்காட்டி விரலுக்குக் கொடுத்திருக்கலாம் என்று ஒவ்வொரு நாளும் நினைப்பேன். நாள் முழுதும் அடிப்பவர்கள் நாற்காலி உயரத்தைச் சரிசெய்து, மணிக்கட்டு மேசையில் அழுந்தாமல் பார்த்துக்கொள்ள வேண்டும்.

அச்சகத்துப் பிழைதிருத்துநர் எழுதியது:

எல்லோரும் விரலைப் பற்றிப் பேசுகிறீர்கள். கோப்புக்குள் என்ன சேமிக்கப்படுகிறது என்பதையும் பார்க்க வேண்டும். மாசி வீதியில் உள்ள எங்கள் அச்சகத்துக்கு வரும் கோப்புகளில் நான் தினமும் திருத்தும் இரண்டு பிழைகளைச் சொல்கிறேன். இரண்டும் கண்ணுக்குத் தெரியாதவை.

முதலாவது, 'ர்' என்ற எழுத்துக்குப் பதிலாகக் கால் குறியை அடித்து அதன் மேல் புள்ளி வைப்பது. பழைய எழுத்து வழக்கில் ர் காலைப் போலவே இருந்ததால் பொறியில் பழகியவர்களுக்கு இது கையோடு வந்த பழக்கம். தாளில் 'அவர்' என்றுதான் தெரியும். ஆனால் எழுத்துகளுக்குக் கணினி பயன்படுத்தும் எண்முறையான ஒருங்குறியில் (யூனிகோட்) ர வேறு எண், கால் வேறு எண். கணினியில் 'அவர்' என்று தேடினால் அந்தக் கோப்பு கிடைக்காது. இரண்டாவது, 'கௌரி' என்பதை 'கெளரி' என்று, ஔகாரக் குறிக்குப் பதிலாகக் கொம்பும் ளகரமும் சேர்த்து அடிப்பது. இதுவும் பார்வைக்கு ஒன்று, உள்ளே வேறு. அரசு அலுவலகங்களில் மனுக்கள் கணினியில் ஏறும் காலத்தில், ஒரு பெயரைத் தேடிக் கிடைக்காமல் போவதற்கு இப்படிப்பட்ட பிழையே போதும்.

முதல் பிழையை மொத்தமாகத் தேடி மாற்றிவிடலாம், ஏனென்றால் காலின் மேல் புள்ளி வருவது தமிழில் எங்குமே சரியான எழுத்து இல்லை. இரண்டாவதை ஒருபோதும் மொத்தமாக மாற்றாதீர்கள். உங்கள் மேலூருக்குப் பக்கத்திலேயே வெள்ளலூர் இருக்கிறது. கொம்பும் ளகரமும் வரும் இடமெல்லாம் ஔகாரமாக மாறினால் அந்த ஊர்ப் பெயரே சிதைந்துவிடும். குளத்து மீனான கெளிறும் தப்பாது. ஒவ்வொன்றாகப் பார்த்துத்தான் திருத்த வேண்டும்.

தமிழ் 99இலும் ஒலிபெயர்ப்பிலும் இந்த இரண்டு பிழைகளும் எளிதில் வருவதில்லை. குறிகளைத் தனியாக அடிக்கும் வேலையே அங்கே கிடையாது. தட்டச்சுப் பொறி அமைப்பில் தொடரப்போகும் நீங்கள்தான் கவனமாக இருக்க வேண்டும், அம்மா.

உசிலம்பட்டி மாணவன் எழுதியது:

பெரியவர்கள் பேசும் இடத்தில் மாற்றுக் கருத்துச் சொல்வதற்கு மன்னிக்கவும். ஒலிபெயர்ப்பை இவ்வளவு எளிதாக ஒதுக்குவது சரியென்று எனக்குத் தோன்றவில்லை. என் வயதில் உள்ளவர்களுக்கு ஆங்கில விசைகளின் இடம் கைப்பேசியிலேயே பழகிவிட்டது. புதிதாகக் கற்க ஒன்றுமில்லை என்பதால்தான் தமிழில் எழுதவே துணிகிறோம். நான் கல்லூரி இதழுக்கு 40 பக்கம் ஒலிபெயர்ப்பில்தான் அடித்துக் கொடுத்தேன். தமிழ் 99ஐக் கைப்பேசியில் முயன்றபோது, ஒரு வரிசையில் அத்தனை விசைகள் நெருங்கி நிற்பதால் கட்டைவிரல் பக்கத்து எழுத்தில் விழுந்துகொண்டே இருந்தது. மேசைக் கணினிக்கு நல்லதாக இருக்கும் ஒரு வடிவம் உள்ளங்கை அளவுத் திரைக்கும் நல்லதாக இருக்க வேண்டும் என்பதில்லை.

மேலும், அக்காவின் கடையில் நடந்த தவறு இருவர் கண்ணையும் தாண்டிப் போயிருக்கிறது. அச்சிடுவதற்கு முன் பெயர்களை மட்டும் ஒருவர் வாசிக்க மற்றவர் அட்டையைப் பார்த்துச் சரிபார்க்கும் வழக்கம் இருந்திருந்தால், எந்த விசைப்பலகையாக இருந்தாலும் அந்தப் பிழை பிடிபட்டிருக்கும். வேகமாக அடிக்கும் அந்தப் பெண்ணின் கையை இப்போது மாற்றச் சொன்னால், குறைந்தது சில வாரங்களுக்கு அவர் பாதி வேகத்தில் திணறுவார். வேலையை விட்டே போகவும் கூடும்.

இலந்தைக்குளம் நிரலர் மீண்டும் எழுதியது:

தம்பி சொன்ன இரண்டையும் ஏற்கிறேன். கைப்பேசியைப் பற்றிய கருத்து சரி. அங்கே நானும் ஒலிபெயர்ப்பைத்தான் வைத்திருக்கிறேன். சரிபார்க்கும் வழக்கம் கட்டாயம் வேண்டும். என் மறுப்பு ஓரிடத்தில்தான். ஒலிபெயர்ப்பில் பழகியவர் 'ழ' என்று நினைத்ததும் அதற்கு எந்த ஆங்கில எழுத்து என்று மனத்துக்குள் ஒரு முறை மொழிபெயர்க்கிறார். அந்த ஆங்கில எழுத்தும் மென்பொருளுக்கு மென்பொருள் வேறுபடுகிறது. சில மென்பொருள்கள் அடித்த சொல்லைத் தாமே ஊகித்து, அதிகம் புழங்கும் சொல்லாக மாற்றியும் வைக்கின்றன. கட்டுரைக்கு அந்த ஊகம் உதவும். ஊர்ப் பெயருக்கும் ஆள் பெயருக்கும் அது ஆபத்து, ஏனென்றால் அவை ஊகத்துக்கு அடங்குவதில்லை. கடைக் கணினியில் ஒலிபெயர்ப்பைத் தொடர்வதாக இருந்தால், பரிந்துரை வசதியை அணைத்துவிட்டு, ஒவ்வொரு எழுத்தையும் அடித்தபடியே காட்டும் முறையை வைத்துக்கொள்ளுங்கள்.

மேலூர்த் தட்டச்சர் எழுதியது:

அனைவருக்கும் நன்றி. பிழைதிருத்துநர் ஐயா சொன்னதைப் படித்தவுடன் என் பழைய ஒருங்குறிக் கோப்புகளில் 'அவர்' என்று தேடினேன். நூற்றுக்கணக்கான மனுக்களில் அந்தச் சொல்லை அடித்திருக்கிறேன். நான் அடித்தவற்றில் ஒன்றுகூடக் கிடைக்கவில்லை. இத்தனை ஆண்டுகளாகக் காலின் மேல்தான் புள்ளி வைத்து வந்திருக்கிறேன் என்பது இன்றுதான் தெரிந்தது. நேற்று இரவு மாதிரிக் கோப்புகள் அனைத்திலும் மாற்றிவிட்டேன். கொம்பும் ளகரமும் வரும் இடங்களை வெள்ளலூர்க்காரர்களின் மனுக்களிலிருந்து தொடங்கி ஒவ்வொன்றாகப் பார்த்து வருகிறேன்.

தட்டச்சே தெரியாத பெண்ணுக்குத் தமிழ் 99 தொடங்கியாயிற்று. ஆசிரியை அம்மா சொன்னபடி வில்லை ஒட்டவில்லை. நெடுங்கணக்குப் படம் ஒன்றை வரைந்து திரைக்குப் பக்கத்தில் சுவரில் மாட்டியிருக்கிறேன். முதல் நாள் அ, இ, உ, க, ப, ம, த ஆகிய நடுவரிசை எழுத்துகளை மட்டும் கொடுத்தேன். மாலைக்குள் 'கதம்பம்', 'மதி', 'பகுதி' என்று பார்க்காமல் அடித்தார். மற்றவர் ஒலிபெயர்ப்பிலேயே தொடர்கிறார், பரிந்துரையை அணைத்துவிட்டோம். ஆனால் மனுவின் பெயர், தந்தை பெயர், ஊர், சர்வே எண் ஆகிய நான்கையும் அச்சிடுமுன் உரக்க வாசிக்க வேண்டும், மனுதாரரே அட்டையைக் கையில் வைத்துக்கொண்டு கேட்க வேண்டும் என்று ஒழுங்கு வைத்துவிட்டேன். ல, ள, ழ வரும் இடத்தில் 'சின்ன ல வா, பெரிய ள வா' என்று மனுதாரரிடமே கேட்கிறோம். எழுதப் படிக்கத் தெரியாதவர்களுக்கு மட்டும் அட்டையை நாங்களே வாங்கிப் பார்க்கிறோம்.

நிரலர் தம்பியிடம் ஒரு சந்தேகம் மட்டும். 'காணணும்' என்று பேச்சு வழக்கில் ஒரு வாக்குமூலத்தை அப்படியே அடிக்க வேண்டியிருந்தது. அந்தப் பெண்ணுக்குக் 'காண்ணும்' என்று வந்தது. இதற்கும் முதல் ண வுக்குப் பின் அ விசையைத் தட்டுவதுதானே வழி?

இலந்தைக்குளம் நிரலர் எழுதியது:

அதேதான், அக்கா. ண, அ, ண, உ என்று அடிக்கச் சொல்லுங்கள், சரியாக வரும்.