பதியச்சு, பதிதடம்: கடினச் சோதனைக்கு இரண்டு சொற்கள்

வணக்கம்.

உலோகம் எவ்வளவு கடினமானது என்று அழுத்திப் பார்க்கும் சோதனையில் வருகிற 'இன்டென்டேஷன்' என்ற ஆங்கிலச் சொல்லுக்குத் தமிழில் 'உள்தள்ளல்' என்று வந்த பரிந்துரை எனக்கு ஒப்பவில்லை. பத்தியின் முதல் வரியைக் கொஞ்சம் உள்ளே நகர்த்துவதற்கு அந்தச் சொல் சரி, உலோகத்தில் நடப்பது வேறு. மழமழவென்று தேய்த்த எஃகுத் துண்டின்மேல் 10 மி.மீ. பந்தை வைத்து, 3000 கிலோ விசையில் பத்துப் பதினைந்து நொடி அழுத்திவிட்டு எடுத்தால், வட்டமாக ஒரு சின்னக் குழி அப்படியே நிற்கும். பந்தை எடுத்த பிறகும் நிற்கிற அந்த வடுவைத்தான் லென்ஸ் வைத்து அளக்கிறோம். விட்டம் 4 மி.மீ. என்றால் கடினத்தைச் சொல்லும் பிரினெல் எண் 229, 3 மி.மீ. என்றால் 415. ஆகவே பெயர் அந்த வடுவுக்கு வேண்டும், தள்ளுகிற செயலுக்கு அல்ல.

முதலில் 'ஒடுக்கு' என்றுதான் எனக்கும் தோன்றியது. குடத்துக்கு ஒடுக்கு எடுப்பது வீட்டில் எல்லோருக்கும் தெரிந்த வேலை. ஆனால் குடத்தில் ஒடுக்கு விழும்போது தகடே வளைந்து மறுபக்கம் புடைத்துக்கொள்ளும். இந்தச் சோதனையில் மறுபக்கம் புடைத்தால் அந்த அளவீடே செல்லாது, அதனால்தான் துண்டின் தடிமன் குழியின் ஆழத்தைப் போல் பத்து மடங்காவது இருக்க வேண்டும் என்கிறார்கள்.

என் பரிந்துரை 'பதிதடம்'. சேற்றில் கால் பதிந்த தடம் மாதிரி, அழுத்தியதன் வடிவம் அதில் தெரிகிறது. அழுத்தும் உறுப்புக்கு 'பதியச்சு'. 'துளைப்பான்' வேண்டாம், அது எதையும் துளைப்பதில்லை. 'முனை'யும் பந்துக்குப் பொருந்தாது. முறுக்கு அச்சு, கோல அச்சு என்று நாம் சொல்வது போல, எந்த அச்சோ அந்த வடிவம். கடினத்தை அளக்கும் முறைகளில், மேலே சொன்ன பிரினெலுக்குப் பந்துப் பதியச்சு, ராக்வெல் சி அளவுக்கு 120 பாகை வைரக் கூம்புப் பதியச்சு, விக்கர்ஸுக்கு எதிர்முகங்களுக்கு இடையே 136 பாகை உள்ள சதுரப் பட்டைக்கூம்பு (பிரமிடு).

ராக்வெல் முறையில் தடத்தின் அகலத்தை யாரும் பார்ப்பதில்லையே என்று கேட்கலாம். உண்மைதான், அங்கே ஆழம்தான் கணக்கு. முதலில் 10 கிலோ, பிறகு மொத்தம் 150 கிலோ, மறுபடி 10 கிலோவுக்கு இறக்கி, எவ்வளவு ஆழம் மிஞ்சியது என்று பார்க்கிறோம். 0.002 மி.மீ.க்கு ஒரு புள்ளி வீதம் நூறிலிருந்து கழிப்பதால், சி அளவில் 60 என்றால் மிஞ்சிய ஆழம் 0.08 மி.மீ. மிஞ்சுவதை அளக்கிறோம் என்பதால் அதுவும் பதிதடம்தான்.

இதனால் இன்னொரு வசதியும் உண்டு, கடினச் சோதனைகளை வகை பிரித்துச் சொல்லலாம். பட்டறையில் அரம் ஏறுகிறதா, வழுக்குகிறதா என்று உரசிப் பார்ப்பதும், எந்தக் கனிமம் எதைக் கீறுகிறது என்று பார்க்கும் மோஸ் அளவும் கீறல் வகை. சுத்தியை விழவிட்டு அது எவ்வளவு எழும்புகிறது என்று பார்க்கும் ஷோர் முறை துள்ளல் வகை. பிரினெல், ராக்வெல், விக்கர்ஸ், நூப் நான்கும் பதிதட வகை.

தடத்தின் விளிம்பைக் 'கரை' என்றே சொல்லலாம். லென்ஸில் பார்த்தால், ஏற்கெனவே அடித்து இறுகிய உலோகத்தில் கரை உதடு போல மேலெழும்பியிருக்கும், நன்றாகப் பதப்படுத்தி மென்மையாக்கிய உலோகத்தில் சுற்றிலும் சரிந்து தாழ்ந்திருக்கும். விட்டத்தை எங்கிருந்து எங்கே எடுப்பது என்பதில் இரண்டு பேர் வேறுபடுவது இந்த இடத்தில்தான். இவற்றுக்குக் 'கரையெழல்', 'கரைத்தாழ்வு'.

ஹார்ட்னஸுக்கு 'வலிமை' என்று எழுதுவதை மட்டும் தயவுசெய்து விட்டுவிடுங்கள். கண்ணாடி கடினமானது, ஆனால் இழுத்தால் சட்டென்று உடைந்துவிடும். 'கடினம்' போதும், 'தன்மை' கூட ஒவ்வொரு இடத்திலும் தேவையில்லை.

நானோ அளவில் தடத்தையே பார்க்காமல், விசை ஏற ஏற அச்சு எவ்வளவு இறங்குகிறது என்று பதிவுசெய்கிறார்கள். அங்கே 'நுண்பதிவு' என்றால் ரெக்கார்டிங்கோடு குழம்பும். 'பதிவிறக்கம்' வேறு பொருளில் ஏற்கெனவே போய்விட்டது. 'அச்சிறக்கம்' எப்படி இருக்கிறது என்று பார்த்துச் சொல்லுங்கள்.