வசீகரம், கவர்ச்சி, ஈர்ப்பு, களை: கதையில் எதை எங்கே போடுவது?

மைக்கூடு (கேள்வி):
ஆள் வருணனையில் எல்லாவற்றுக்கும் "அழகு" என்றே போட்டால் சப்பென்று இருக்கிறது. "கவர்ச்சியான பெண்" என்று எழுதினால் சினிமா போஸ்டர் மாதிரி ஆகிவிடுகிறது. அகராதியோ ஒரு சொல்லுக்கு இன்னொரு சொல்லைப் பொருளாகக் கொடுத்துவிட்டு ஒதுங்கிக்கொள்கிறது. எனக்கு மூன்று இடங்களுக்குச் சொல் வேண்டும். நாற்பது வயது ஆசிரியை, பேச ஆரம்பித்தால் வகுப்பே கட்டுண்டு கிடக்கும். அவர்மேல் சக ஆசிரியர் ஒருவருக்கு நாட்டம். உடல் சார்ந்ததும்தான், ஆனால் விரசமாகக் கூடாது. மூன்றாவது, ஒரு பாட்டி பேத்திக்கு வந்த மாப்பிள்ளையைப் பற்றிச் சொல்லும் வசனம்.

ஒற்றெழுத்து:
முதலில் ஒரு சோதனை செய்து பாருங்கள். நீங்கள் சொல்ல வருவது பார்க்கப்படுபவரிடம் இருக்கிறதா, பார்ப்பவருக்குள் நடக்கிறதா? அழகு, லட்சணம், களை, கவர்ச்சி, வசீகரம் எல்லாம் பார்க்கப்படுபவரின் சொத்து. ஈர்ப்பு, கிறக்கம், மையல், மோகம் பார்ப்பவரைப் பிடித்து ஆட்டுபவை. உருபே காட்டிக்கொடுத்துவிடும்: "அவளிடம் ஒரு வசீகரம் இருந்தது", ஆனால் "அவனுக்கு அவள்மேல் ஈர்ப்பு". "அவளிடம் ஈர்ப்பு இருந்தது" என்று மொட்டையாக எழுதினால் யாருக்கு யார்மேல் என்று வாசகர் தடுமாறுவார். ஈர்ப்புக்கு -க்கு, மேல் இரண்டும் வேண்டும். ஒன்றை விடுவதென்றால் முந்தைய வாக்கியம் அதைச் சொல்லியிருக்க வேண்டும்.

"அவளால் ஈர்க்கப்பட்டான்" இலக்கணப்படி சரிதான், ஆனால் மொழிபெயர்ப்பு வாடை அடிக்கும். "அவளை அவனுக்குப் பிடித்துப்போயிற்று" என்றால் போதும். உடல் நாட்டமும் தெரிய வேண்டுமானால் பெயர்ச்சொல்லை விட்டுவிட்டு வினையில் காட்டுங்கள்: "அவள் கொண்டையைச் சரிசெய்யக் கையை உயர்த்தினாள், அவன் பார்வையை நகர்த்த மறந்தான்." விரசத்தைப் பெரும்பாலும் பெயரடைகள்தான் கொண்டுவருகின்றன. "கட்டழகு", "வாளிப்பான", "செழிப்பான" இவற்றில் இரண்டு அடுத்தடுத்து வந்தால் கதை தொடர்கதைப் பக்கத்துப் படம்போல ஆகிவிடும்.

ஆசிரியைக்கு வசீகரம்தான். அது குரல், பேச்சு, சிரிப்பு, நடத்தை எல்லாவற்றோடும் சேரும். உடலுறுப்புகளோடு அவ்வளவாக ஒட்டாது. "வசீகரமான குரல்" இயல்பு. "வசீகரமான தோள்" கொஞ்சம் இடிக்கும். வசியத்தோடு குழப்பிக்கொள்ளாதீர்கள். இரண்டும் "வசம்" வழி வந்தவைதான், ஆனால் வசியம் மந்திரம், மை பக்கம் போய்விட்டது. ஜாதகத்துப் பத்துப் பொருத்தங்களில் ஒன்றாகவும் இருக்கிறது. "மாணவர்களை வசீகரித்தார்" பாராட்டு. "வசியம் பண்ணிவிட்டார்" என்றால் கேலி, அல்லது பொறாமைக்காரர் வைக்கும் குற்றச்சாட்டு.

கவர்ச்சி, பாவம், நல்ல சொல். சினிமாப் பத்திரிகைகள் "கவர்ச்சி நடனம்", "கவர்ச்சிப் படம்" என்று எழுதியெழுதி அரைகுறை உடைக்கு மறுபெயராக்கிவிட்டன. ஆனால் பெயர்ச்சொல்தான் கெட்டது, வினை கெடவில்லை. "மனதைக் கவர்ந்தாள்" என்று யாரைப் பற்றியும் தயங்காமல் எழுதலாம். "கவர்ச்சிகரமான" என்பது சலுகைக்கும் சம்பளத்துக்கும் போகட்டும்.

வசனப்பெட்டி:
பாட்டி வசனத்தில் வசீகரம், ஈர்ப்பு இரண்டும் வாயில் நுழையாது. அங்கே லட்சணம், களை, அப்புறம் ஆள் அமைப்பைச் சொல்லும் சொற்கள். "மூக்கும் முழியுமா லட்சணமா இருக்கான். நல்ல வாட்டசாட்டமான ஆளு. முகத்துல களை சொட்டுது."

லட்சணத்தையும் களையையும் மாற்றிப் போட்டுவிடுகிறார்கள். லட்சணம் என்பது முகத்தின் வார்ப்பு: மூக்கு, கண், நெற்றி ஒன்றுக்கொன்று பொருந்தியிருப்பது. காய்ச்சலில் படுத்தாலும் அது போகாது. களை என்பது முகத்தில் தெரியும் உயிர்ப்பு, வரும், போகும். துக்கத்திலும் பசியிலும் போவது களைதான். அதனால் "அழுதழுது லட்சணம் போய்விட்டது" தப்பு, "முகம் களையிழந்து போச்சு" சரி. லட்சணத்துக்கு இன்னொரு ஆபத்து, குத்தலாகவும் வரும்: "நீ வேலை பாக்குற லட்சணம் தெரியாதா?" பாட்டி பாராட்டுகிறாரா இடிக்கிறாரா என்பது வாக்கியத்தின் மீதிப் பாதியில் தெளிவாக வேண்டும்.

"கறுப்பா இருந்தாலும் களையா இருக்கான்" என்று ஊரே பேசும். அந்த "இருந்தாலும்"-ல் ஒரு தீர்ப்பு ஒளிந்திருக்கிறது. பாட்டி சொன்னால் அது பாட்டியின் குணம். கதைசொல்லியின் குரலில் வந்தால் அது உங்கள் கருத்தாகிவிடும், கவனம்.

இளவட்டப் பேச்சுக்கு இரவல் சொற்கள் உண்டு, ஆனால் அவை தமிழுக்கு வந்து வேறு வேலை பார்க்கின்றன. "நல்ல பெர்சனாலிட்டி" என்றால் குணத்தைச் சொல்வதாக எடுத்துக்கொள்ள மாட்டார்கள். உயரமும் உடற்கட்டும்தான் ஞாபகம் வரும். "ஸ்மார்ட்டா இருக்கான்" பெரும்பாலும் தோற்றம், மூளை இல்லை. "கிளாமர்" உடையின் அளவு. "ஃபிகர்" மரியாதைக் குறைவு. அப்படிப் பேசும் பாத்திரத்தின் வாயில் மட்டும் வையுங்கள்.

மைக்கூடு:
நன்றி, -க்கு/மேல் கணக்கிலேயே பாதிச் சிக்கல் தீர்ந்தது. இன்னும் இரண்டு. அந்தச் சக ஆசிரியரின் மனநிலைக்குக் "காமம்" என்று நேரடியாக எழுதலாமா? ஆணுக்கு "நளினம்" சொல்லலாமா? அப்படியே எழில், வனப்பு எல்லாம் இன்னும் செல்லுமா என்றும் சொல்லுங்கள்.

அகராதிப்புழு:
காமம் பழைய இலக்கியத்தில் காதல் முழுவதையும் குறித்த சொல். திருக்குறளின் காமத்துப்பாலில் உள்ள 250 குறள்களில் நாணம், பிரிவு, ஊடல் எல்லாம் அடக்கம். இன்றைய வாசகர் காதில் அது உடல் வேட்கை மட்டும், அதிலும் கொஞ்சம் இழிவாக. ஆகவே உங்கள் இடத்தில் வேண்டாம். மோகமும் வேண்டாம், அது கண்மண் தெரியாத பித்து, பதவி மோகம், பண மோகம் என்று பழகிய சொல். "நாட்டம்" என்று கேள்வியிலேயே நீங்கள் எழுதியிருக்கிறீர்கள், அதுவே பொருத்தம். "மயக்கம்" போடுவதானால் பக்கத்தில் காரணம் இருக்கட்டும். இல்லாவிட்டால் தலைசுற்றல் என்று படித்துவிடுவார்கள்.

நளினம் அசைவைச் சொல்வது. நடனக்காரர், விரல் வித்தை தெரிந்தவர் என்றால் ஆணுக்கும் சொல்லலாம்: "நளினமான கைகள்". பொதுவாக "நளினமான ஆண்" என்றால் பெண்தன்மை என்று எடுத்துக்கொள்வார்கள். அதை நீங்கள் நினைக்கவில்லையென்றால் மிடுக்கு, கம்பீரம், எடுப்பு இவற்றில் ஒன்று. மிடுக்கு நடையிலும் உடையிலும், கம்பீரம் குரலிலும் நிற்கும் விதத்திலும். எடுப்பு கூட்டத்தில் தனித்துத் தெரிவது. மூக்குக்கும் புடவை நிறத்துக்கும்கூடச் சொல்வதுண்டு.

எழில் இப்போது பெரும்பாலும் இயற்கைக் காட்சிக்கும் ஆட்பெயருக்கும் போய்விட்டது. கவினும் அப்படித்தான், கவின்கலை என்ற தொடர் ஒன்றை விட்டால். வனப்பு மட்டும் உடலழகு என்ற பொருளில் எழுத்தில் உயிரோடு இருக்கிறது, அதுவும் கொஞ்சம் கவிதை நடையில். (தொல்காப்பியம் சொல்லும் எட்டு வனப்புகளில் "அழகு" ஒன்று. அங்கே பேச்சு செய்யுளைப் பற்றியது, ஆளைப் பற்றியதல்ல.)

ஒற்றெழுத்து:
அகராதிப்புழு சொன்ன "நாட்டம்" சரி, ஆனால் உருபு மாறும்: ஆள் என்றால் "அவள்மேல் நாட்டம்", துறை என்றால் "இசையில் நாட்டம்". ஆளுக்கு "-இல்" போட்டால் அவரை ஒரு பாடமாகப் படிக்கப் போவதுபோல் இருக்கும்.