1957ல குருஷேவ் தோக்கணும், வழி சொல்லுங்க

1957 ஜூன்ல சோவியத் கம்யூனிஸ்ட் கட்சி முதல் செயலாளர் குருஷேவ் பதவி போயிடுச்சுன்னு வச்சு ஒரு மாற்று வரலாற்றுக் கதை எழுதிட்டு இருக்கேன், நடுவுல சிக்கி நிக்குது.

நிஜத்துல மாலென்கோவ், மோலடோவ், ககனோவிச் கோஷ்டி பிரெசிடியத்துல (கட்சியோட உச்சக் குழு) 7க்கு 4னு அவரைக் கவுத்துட்டாங்க, ஆனா மனுஷன், பிரெசிடியத்தைத் தேர்ந்தெடுக்கிற மத்தியக் கமிட்டிதான் என்னைத் தூக்க முடியும்னு அடம்புடிச்சு உக்காந்துட்டாரு, பாதுகாப்பு அமைச்சர் ஜுகோவ் ராணுவ விமானத்துல உறுப்பினர்களை மாஸ்கோவுல கொண்டாந்து இறக்கிட்டாரு, கோஷ்டியோட ஆட்டம் குளோஸ்.

ஜுகோவை வெளிநாட்டுக்கு அனுப்பிப் பாத்தேன் (அக்டோபர்ல அவரு யூகோஸ்லாவியா, அல்பேனியா டூர் போனப்போதான் குருஷேவ் அவருக்கே ஆப்பு வச்சாரு, நன்றியாவது ஒண்ணாவது). அப்பவும் உளவுத்துறை கேஜிபி தலைவர் செரோவ் குருஷேவ் ஆளு, மாஸ்கோவுலயே இருக்கிற உறுப்பினர்கள் வந்து கதவைத் தட்டுவாங்க. மோலடோவை முதல் செயலாளர் ஆக்குனா பிராந்திய செயலாளருங்க ஒத்துக்க மாட்டாங்க, நெறைய பேரு குருஷேவ் வளத்துவிட்டவங்க. ஸ்டாலினோட ரகசிய போலீஸ் தலைவரா இருந்த பெரியா மாதிரி அரெஸ்ட் பண்ணலாம்னா 1953ல அந்த வேலைக்குப் போனதே ஜுகோவும் மத்த ராணுவ அதிகாரிங்களும்தான், இந்தக் கோஷ்டிகிட்ட துப்பாக்கி தூக்க யாரு இருக்கா? விபத்து, விஷம் எல்லாம் வேணாம், சப்புன்னு போயிடும்.

மத்தியக் கமிட்டி கூடறத ஒரு வாரமாவது தள்ளிப்போட, நம்புற மாதிரி யாரோட முடிவை மாத்தலாம்?