இரண்டு தடவை அறுந்த முழங்கால் சவ்வு: இப்போது எலும்பை வெட்டவேண்டுமாம்

கேள்வி (களுவாஞ்சிக்குடி)
2019இல் உதைபந்து ஆடும்போது ஏசிஎல் (முழங்காலுக்குள் இருக்கும் சவ்வு) அறுந்தது. பின்தொடை நாரை எடுத்து வைத்தார்கள். இரண்டு வருடத்தில் அதுவும் போய், மற்றக் காலிலிருந்து எடுத்துத் திரும்பச் செய்தார்கள். போன சிறுபோகத்தில் வயல் வட்டையில் உரப்பையோடு வரம்பால் இறங்கினேன், ‘டொக்’ என்றது. எனக்குப் பழகிய சத்தம்தான். இப்போது புது டொக்டர், முழங்காலுக்குக் கீழே எலும்பை வெட்டிச் சரிவைக் குறைக்கவேண்டும் என்கிறார். அறுந்தது சவ்வு, எலும்பு என்ன பிழை செய்தது? அம்மா அழுகிறா.

பதில் (பிசியோ, கல்முனை)
வெட்டுவது முழங்காலுக்குக் கீழுள்ள பெரிய எலும்பைத் தம்பி. அதன் மேல்தளம் பின்பக்கமாகக் கொஞ்சம் சரிந்திருக்கும். பலருக்கு 5 முதல் 10 பாகை. 12ஐத் தாண்டினால் காலூன்றும்போதெல்லாம் தொடை எலும்பு பின்னால் வழுகப் பார்க்கும், இழுத்துப் பிடிப்பது ஏசிஎல். சரிவில் நிறுத்திய லேண்ட்மாஸ்டரை (கை உழவு மெஷினை) கயிற்றால் கட்டியது மாதிரி. புதுக்கயிறு போட்டாலும் அறும்.

அதனால் முன்பக்கம் ஆப்புப் போல ஒரு துண்டை எடுத்து, இடைவெளியை மூடித் தகடோ ஆணியோ போடுவார்கள். ஒரு பாகைக்குக் கிட்டத்தட்ட ஒரு மில்லிமீட்டர். முழங்கால் ஏற்கெனவே பின்னால் வளைகிற ஆட்களுக்கு இது சரிவராது. முந்திய சவ்வுகளைப் பொருத்த எலும்பில் போட்ட துளைகள் அகன்றிருந்தால் எலும்புத்தூள் நிரப்பி, சில மாதம் விட்டுத்தான் புதுச்சவ்வு. பக்கவாட்டு எக்ஸ்ரேயில் உங்கள் பாகை எத்தனை?

பதில் (அக்கரைப்பற்று)
எனக்கு வேறு வகை, வளைகால். உட்பக்கம் எலும்பைத் திறந்து நிமிர்த்திவிட்டு, சவ்வையும் மாற்றினார்கள். வலி சமாளிக்கலாம். ஆறு கிழமை ஊன்றுகோலோடு, குந்துகிற கக்கூஸ்தான் பெரிய சோதனை! பிளாஸ்டிக் கதிரையில் ஓட்டை வெட்டி வைத்தோம். அப்போது தொழுகை கதிரையில்தான், இப்போதும் சுஜூதில் (மண்டியிட்டு நெற்றியை நிலத்தில் வைக்கும்போது) தகடு உறுத்தும். சிகரெட் இருந்தால் இன்றே விடுங்கள், எலும்பு பொருந்தாது.

கேள்வி கேட்டவர்
படத்தைத் தேடி எடுத்தேன். டொக்டர் பென்சிலால் கோடு கீறி 16 என்று எழுதியிருக்கிறார். முந்திய இரண்டு தடவையும் ஒருத்தரும் அளந்ததாக எழுதவில்லை. லேண்ட்மாஸ்டர் கதையை அம்மாவிடம் சொன்னேன். “அப்ப நிலத்தையெல்லோ முதல்ல பார்த்திருக்கணும்” என்றா.

பெரும்போகம் வெட்டினபிறகு நாள் கேட்டிருக்கிறேன். அக்கரைப்பற்று நானா, அந்தக் கதிரைக்குக் கைபிடி இருந்ததா?