குளிரறையில் கசிந்த வாயு: எங்கள் காபன் கணக்கில் நான் கண்டது

திருகோணமலையில் மீன் பதனிட்டு ஏற்றுமதி செய்யும் ஒரு நிறுவனத்தின் கணக்குப் பிரிவில் பணிபுரிகிறேன். ஐரோப்பாவில் எங்களிடம் மீன் வாங்குபவர், எங்கள் நிறுவனத்தின் ஓராண்டுக் காபன் தடத்தை, அதாவது எங்கள் வேலைகளால் காற்றில் சேரும் வெப்பந்தேக்கும் வாயுக்களின் மொத்த அளவை, அளந்து அனுப்புமாறு கேட்டபோது, முதலாளி அந்தப் பொறுப்பை என்னிடம் ஒப்படைத்தார். "மின்பிறப்பாக்கிப் புகையைக் குறைத்து, வளவைச் சுற்றி மரம் நட்டால் போதும், பிள்ளை" என்றார் அவர். 2022 ஆம் ஆண்டின் நீண்ட மின்வெட்டுகளில் அந்தப் புகையை நாள்தோறும் சுவாசித்திருந்த நானும் அப்படியே நம்பினேன்.

இத்தகைய வாயுக்களை நிறுவனங்கள் கணக்கிடுவதற்காக 2004 இல் திருத்தி வெளியிடப்பட்ட ஜி.எச்.ஜி. புரோட்டோகோல் என்ற சர்வதேச நெறிமுறையையே பின்பற்றினோம். அது கணக்கை 'ஸ்கோப்' எனும் மூன்று பிரிவுகளாக வகுக்கிறது. நாமே எரிப்பதும் நம்மிடமிருந்து கசிவதும் ஸ்கோப் 1, வாங்கும் மின்சாரம் ஸ்கோப் 2, பிறருடைய படகிலும் லொறியிலும் நமக்காக எரிவது ஸ்கோப் 3. மின் பட்டியல்கள் பன்னிரண்டும் கோப்பில் இருந்தமையால் அந்தப் பகுதி ஒரே நாளில் முடிந்தது; எதிர்பார்த்தபடி அதுவே முதலிடம் பெற்றது. மின்பிறப்பாக்கி ஆண்டில் 9,000 லீற்றர் டீசல் குடித்திருந்தது. லீற்றருக்கு ஏறக்குறைய 2.7 கிலோ காபனீரொட்சைட்டு என்று கணக்கிட்டால் அது சுமார் 24 தொன்.

அதன் பின்னரே குளிரறைத் திருத்த வேலைகளின் பற்றுச்சீட்டுகளைப் பார்த்தேன். "காஸ் நிரப்பியது" என்ற ஒரே வரி நான்கு இடங்களில் இருந்தது. எடை எங்கும் எழுதப்படவில்லை. திருத்த வருபவரிடம் கேட்டபோது, ஒவ்வொரு முறையும் ஆர்-404ஏ என்ற குளிரூட்டும் வாயுவின் உருளை ஒன்று, அதாவது 10.9 கிலோ, முழுமையாக முடிந்ததாகக் கூறினார். நூறு ஆண்டுக் கணக்கில் அந்த வாயு, காபனீரொட்சைட்டைவிட ஏறத்தாழ 3,900 மடங்கு வெப்பத்தைத் தேக்கி வைக்கக் கூடியது. ஆகவே ஓர் உருளை கசிந்து போவது ஏறக்குறைய 16,000 லீற்றர் டீசலை எரிப்பதற்குச் சமம். நான்கு உருளைகளுக்கு 170 தொன்! புகையுமின்றி மணமுமின்றி வெளியேறியது, நாங்கள் பழித்துக்கொண்டிருந்த மின்பிறப்பாக்கியைப் போல் ஏழு மடங்காக இருந்தது. மூன்று முறை கூட்டிப் பார்த்த பின்னரே முதலாளியிடம் கொண்டு சென்றேன்.

"காஸ் குறைந்தால் நிரப்பிக் கொடுப்பதுதானே தங்கச்சி எங்கள் வேலை, போன காஸ் எங்கே என்று இதுவரை யாரும் கேட்டதில்லையே" என்றார் திருத்துபவர். அவரைக் குறை சொல்ல எனக்கு மனம் வரவில்லை, கேட்டிருக்க வேண்டியவர்கள் நாங்களே. சவர்க்கார நுரை பூசிப் பார்த்ததில், கொம்பிரசரின் அதிர்வால் தளர்ந்த இரண்டு மூட்டுகளும், கடலைப் பார்த்திருந்த பக்கத்தில் உப்புக்காற்று அரித்திருந்த குழாய் ஒன்றும் அகப்பட்டன. மூட்டுகளைப் பற்றவைத்து, குழாயை மாற்றி, நிரப்புமுன்னும் பின்னும் உருளையை நிறுத்து எடையைக் குறிக்க ஒரு பதிவேடும் வைத்தோம். அடுத்த ஆண்டு ஓர் உருளையே தேவைப்பட்டது. குளிரறைக் கதவின் றப்பரை மாற்றியதில் மின் பட்டியலும் சற்று இறங்கியது.

எங்கள் பழைய குளிரறை ஒன்றில் ஆர்-22 என்ற வேறொரு குளிரூட்டும் வாயு இருக்கிறது. ஓசோன் படலத்துக்கான மொன்றியல் உடன்படிக்கையின் கீழ் வரும் வாயு என்பதால் நெறிமுறைப்படி அதை ஸ்கோப் 1 இல் சேர்க்காமல் தனியாகவே காட்ட வேண்டும். முதல் வரைவில் நான் தவறாகச் சேர்த்திருந்தேன், இதைச் செய்பவர்கள் கவனிக்கவும்.

ஸ்கோப் 3 இல் படகுகளின் எரிபொருள்தான் கடினமாக இருக்கும் என்று அஞ்சினேன். ஆனால் 2022 ஆகஸ்டில் மண்ணெண்ணெய் லீற்றர் 87 ரூபாவிலிருந்து 340 ரூபாவுக்கு ஒரேயடியாக உயர்ந்ததிலிருந்து, எங்களுக்கு மீன் தரும் சிறு படகுக்காரர் பலர் ஒவ்வொரு லீற்றரையும் கொப்பியில் எழுதி வைத்திருந்தார்கள். பல நாள் படகுகளின் டீசல் கணக்கு இன்னும் முழுமையாகக் கிடைக்கவில்லை. அதனால்தான், அட்டைப்பெட்டியில் "காபன் நடுநிலை" என்று அச்சிடலாமா என்று முதலாளி கேட்டபோது, அளக்காத ஒன்றை ஈடுசெய்துவிட்டதாக எழுத என்னால் இயலாது என்றேன். அவர் வற்புறுத்தவில்லை.

—

அக்கா, உங்கள் பதிவைப் படித்துவிட்டு, நிலாவெளியில் நான் பணிபுரியும் விடுதியின் குளிரூட்டிகளைச் சோதித்தேன். பெரும்பாலானவற்றில் இருப்பது ஆர்-410ஏ. அது காபனீரொட்சைட்டைவிட 2,088 மடங்கு வெப்பத்தைத் தேக்கும் என்று பட்டியலில் கண்டேன். எங்களிடம் கசிவைவிடப் பெரிய சிக்கல் வேறு: உப்பு அரித்த வெளி அலகைக் கழற்றும்போது, உள்ளிருக்கும் வாயுவைத் திருத்துபவர்கள் காற்றிலேயே திறந்து விடுகிறார்கள். சென்ற பருவ முடிவில் ஆறு அலகுகள் அவ்வாறே மாற்றப்பட்டன. வாயுவை உருளையில் திரும்பப் பிடிக்கும் இயந்திரம் வைத்திருப்பவரை மட்டுமே இனி அழைப்பது என்று முகாமையாளர் சம்மதித்துள்ளார். கழற்றிய ஆறிலும் எவ்வளவு வாயு இருந்தது என்பதை அவற்றின் பெயர்த்தகட்டிலிருந்து இன்று குறித்துக்கொண்டேன். அதையும் கணக்கில் சேர்க்கிறோம்.